மரமுகமும் அரிசிப் பையும்

எனக்குத் தலையாட்டுகிற பழக்கம் உண்டு. ஒருவர் பேசத் தொடங்கினால், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும் முன்பே தலை மேலும் கீழும் போகும். டொக்டர் சொன்னாலும் ஆட்டுவேன், பஸ் சாரதி சொன்னாலும் ஆட்டுவேன், வேலையிடத்தில் சூப்பர்வைசர் ஏசினாலும் ஆட்டுவேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். இங்கிலீஷ் காதில் விழுந்து மூளைக்குப் போவதற்குள் ஆள் பேசி முடித்துவிடுவார். ஆட்டாமல் நின்றால் இவனுக்கு விளங்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். ஆட்டினால், எதற்கு ஆட்டினேன் என்று பிறகு பயம். இரண்டில் பிந்தியது பரவாயில்லை. அது வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்.

வீடு என்பது சிட்னியில், கிரவீன் என்கிற இடத்தில், என் நண்பனின் வீட்டுப் பின்வளவில் இருக்கிற ஒற்றை அறை. நானும் அவனும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். அவன் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவன். எனக்கு வருகிற கடிதங்களை அவன்தான் வாசித்துச் சொல்வான். விசா விசாரணைக்கு என்னோடு வந்து பக்கத்தில் இருந்தவன் அவன். அவசரம் என்றால் யாரை அழைப்பது என்று எங்கே கேட்டாலும் அவன் பெயரைத்தான் கொடுப்பேன். கொடுக்க வேறு பெயர் என்னிடம் இல்லை. கலியாணமும் சரிவரவில்லை. அவன் என்னை வேண்டாம் என்று விட்டால் இந்த நாட்டில் எனக்கு மிஞ்சுவது ஒரு கட்டிலும் ஒரு ரைஸ் குக்கரும்தான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு நடந்ததெல்லாம் இதைப் பற்றியதுதான்.

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லோன்றியில். ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்து, சூடான உருளைகளுக்குள் விட வேண்டும். என் விரிப்பின் மற்ற மூலையில் நிற்பவன் ஒரு பிலிப்பைன்ஸ்காரன். என்னைவிட இளையவன். அவர்கள் பாஷையில் அண்ணனுக்கு ‘கூயா’ என்று பெயராம். என்னை அப்படித்தான் கூப்பிடுவான். மரிண்டுக்கே என்ற தீவிலிருந்து வந்தவன். நாலு பக்கமும் கடல், நடுவில் தென்னை என்று சொல்வான். அவனுடைய ஊரில் விசேஷம் இல்லாத மாதமே கிடையாது போலிருக்கிறது. படகில் சாமியை ஏற்றிக்கொண்டு போகிற விழா, புயலில் போனவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்திக் கடலில் விடுகிற நாள், வந்த விருந்தாளிக்கு முடி சூட்டுகிற சடங்கு. பெரிய வெள்ளி நெருங்க நெருங்க அவனுக்கு வாய் ஓயாது.

அவன் தீவில் புனித வாரம் முழுவதும் ஆண்கள் மரத்தில் செதுக்கிய முகங்களை மாட்டிக்கொண்டு, ரோமப் படைவீரர் உடுப்போடு வெயிலில் திரிவார்களாம். அது நேர்த்திக்கடன். உள்ளே யார் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. வாய் திறக்கக் கூடாது. கட்டின மனைவிக்கு முன்னாலே போய் நின்றாலும் அவளுக்கு அடையாளம் தெரியாது. அந்தப் படைவீரர்களில் ஒருவன் ஒற்றைக் கண் குருடன். சிலுவையில் தொங்கியவரை அவன் ஈட்டியால் குத்த, தெறித்த இரத்தம் பட்டு அந்தக் கண் திறந்தது. கண்டதை அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அதற்காக அவனைத் துரத்திப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். ஈஸ்டர் அன்று அந்த வெட்டையும் நடித்துக் காட்டுவார்களாம்.

“கண் தெரிந்ததற்கா வெட்டினார்கள்?” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

“நோ, கூயா. வாய் திறந்ததற்கு. பார்க்கலாம், ஓகே. சொன்னால்தான் புரொப்ளம்.”

சிட்னியில் இருக்கிற அவர்களுடைய தீவுக்காரர் எல்லோரும் சேர்ந்து பிளாக்டவுன் பக்கம் ஒரு மண்டபத்தில் இதைச் சின்னதாகச் செய்வார்கள். முந்திய வருசம் என்னையும் கூட்டிப்போனான். புது ஆள் வந்தால் கதிரையில் இருத்தி, பாட்டுப் பாடி, கடதாசிப் பூவில் செய்த முடியைத் தலையில் வைத்து, பூவும் சில்லறையும் எறிந்து, நீ நீண்ட காலம் வாழ வேண்டும் என்று கத்துவார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவனை அசையாமல் இருத்தி, சுற்றி நின்று பூப் போட்டுப் பாடினால் அவன் செத்துப்போனவன். நாணயம் ஒன்று என் காதில் பட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுப்பு நிறுத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவேயில்லை.

இந்த வருசம் பிலிப்பைன்ஸ்காரனின் முழங்கால் வீங்கிப்போனது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. உருளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு இருந்துகொண்டுதான் துணி பிடித்தான். அப்படி இருந்தபடிதான் கேட்டான்.

“கூயா, சனிக்கிழமை என் முகத்தை நீ மாட்டுவாயா?”

என் தலை ஆடிவிட்டது. பிறகுதான் என்ன கேட்டான் என்று யோசித்தேன்.

அவனுடைய அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்ததாம். நான் வருசா வருசம் முகம் மாட்டுகிறேன், அவள் கண்ணை விட்டுவிடு என்று வேண்டியிருக்கிறான். அன்றிலிருந்து அவளுக்குக் கண் மோசமாகவில்லை.

“ஒரு வருசம் விட்டால் என்ன?” என்றேன்.

“என்னவென்று பார்க்க எனக்குத் துணிவில்லை.”

அது எனக்கு விளங்குகிற பேச்சு. கதவைப் பூட்டினேனா என்று திரும்பி நடந்து வருகிறவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் உள்ளே வேறு ஆள் என்று கடவுளுக்குத் தெரியாதா? அதையும் கேட்டேன். முகம் அங்கே போனால் போதும், முகத்தைத்தான் நேர்ந்து வைத்தேன் என்றான். அது அவனே உண்டாக்கிய சட்டம் என்று எனக்குப் பட்டது. இருந்தாலும் அவனிடம் வாதாட நான் யார்?

“ஓட வேண்டுமா? தலை வெட்டுவார்களா?”

“ஓட வேண்டாம். வெட்டு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு வேறு ஆள். நீ பிள்ளைகள் பகுதிக்கு மட்டும். கதிரையில் இருந்தால் சரி. இருக்கத் தெரியும்தானே?” சிரித்துவிட்டு ஒரு சோடிக் கையுறையை என் கையில் வைத்தான். “இதையும் போடு. உன் கையைக் கண்டால் ஆன்ட்டிமாருக்குத் தெரிந்துவிடும். எங்களில் இவ்வளவு கறுப்பு யாரும் இல்லை.”

சனிக்கிழமை மத்தியானம் மண்டபத்தின் பின் அறையில் உடுப்பை மாட்டிவிட்டான். முகம் நினைத்ததைவிடப் பாரம். பெரிய விழிகள், சிவந்த கன்னம், கறுப்புத் தாடி. ஒரு கண் மூடியபடி செதுக்கியிருந்தது. கண் வழியாகப் பார்க்க முடியாது. முகத்தின் திறந்த வாய் வழியாகத்தான் வெளியே தெரியும். தலைக்கவசம் எனக்குப் பெரிது. லோன்றியிலிருந்து கொண்டுவந்த துவாயை மடித்து உள்ளே திணித்தான். அப்படியும் அது முன்னுக்குச் சரிந்தது. சரிகிறபோது தலையை ஒரு வெட்டு வெட்டி நிமிர்த்த வேண்டியிருந்தது.

“பேசக் கூடாது, கூயா. ஒரு சொல்லும் கூடாது.”

அவனுடைய தீவில் முகம் மாட்டியவர்கள் தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கலைத்துக்கொண்டு ஓடுவார்கள். இங்கே தெருவில் ஓடக் கவுன்சில் விடாது. அதனால் இவர்கள் கதிரையைக் கண்டுபிடித்தார்கள். மேடைக்குக் கீழே ஒரு கதிரை, அதில் ஒற்றைக் கண் வீரன். பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவருவார்கள். மைக் பிடித்த ஆன்ட்டி ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி, “இந்தப் பிள்ளை குழப்படி செய்ததா?” என்று கேட்பாள். வீரன் தலையாட்டினால் இரண்டு படைவீரர் வந்து பிள்ளையைத் தோளில் பிடித்துப் பக்கக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். கதவுக்குப் பின்னால் ஐஸ்கிரீம். அது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆட்டாவிட்டால் அம்மாவிடம் போகலாம். அவர்களுக்கும் ஐஸ்கிரீம் உண்டு, கடைசியில். “உனக்கு விருப்பமானவருக்கு ஆட்டு,” என்று சொல்லிவிட்டு அவன் ஊன்றுகோலோடு மூலையில் போய் நின்றான்.

முதல் பிள்ளைக்கு ஆட்டினேன். அது வீறிட்டு அழ, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அடுத்ததற்கு ஆட்டவில்லை. அது தாயிடம் ஓடியது. அடுத்ததற்குக் கவசம் தானே சரிந்து ஆடியது. பிள்ளையைக் கொண்டுபோனார்கள், கதவு சாத்தியது. வாய் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை வருகிறது. ஒவ்வொருவராக என் முன்னால் நிறுத்துகிறார்கள். தலை ஆடினால் கதவு, ஆடாவிட்டால் வீடு.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் சுற்றிவளைப்பு நடந்த காலத்தில் ஆமிக்காரர் ஆண்களையெல்லாம் ஒரு வெளியில் கொண்டுவந்து இருத்துவார்கள். பிறகு சாக்கால் மூடிய ஒருவனைக் கொண்டுவந்து கதிரையில் இருத்துவார்கள். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசை அவன் முன்னால் போகும். அவன் தலை அசைந்தால் அந்த ஆளைத் தனியே கொண்டுபோவார்கள். அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்குக்குள் யார் என்று தெரியாது. எங்களில் ஒருவன் என்பது மட்டும் தெரியும். அடி தாங்காமல் ஆட்டுகிறவன் இருப்பான், பயத்தில் ஆட்டுகிறவன் இருப்பான், பழைய வேலிச் சண்டைக்கு ஆட்டுகிறவனும் இருப்பான். தலையாட்டி என்று பெயர். எங்கள் ஆட்களிடம் அதைவிடக் கெட்ட சொல் கிடையாது.

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த சுற்றிவளைப்பில் தலையாட்டிக்குத் தலைமை ஆசிரியரின் கதிரையைத்தான் வெளியே தூக்கிவந்து போட்டார்கள். என் நண்பனும் அவனுடைய அண்ணனும் பெரியவர்களின் வரிசையில் நின்றார்கள். அண்ணன் முன்னால், இவன் பின்னால். அண்ணனைக் கண்டதும் சாக்கு அசைந்தது. இவனுக்கு அசையவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு திரும்பி வரவேயில்லை. நான் கிணற்றடியில், சின்னப் பெடியங்களின் வரிசையில் நின்றேன். எங்களைக் கடைசியாகத்தான் விட்டார்கள். எனக்கும் அசையவில்லை. அடுத்த நாளிலிருந்து அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. என் படிப்பு அங்கேயே முடிந்தது.

மண்டபத்தில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் கைபிடித்தபடி வந்து நின்றார்கள். ஆட்டாமல் விறைத்துப்போய் இருந்தேன். “வீரர் நித்திரை!” என்று மைக்கில் ஆன்ட்டி கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். மூலையிலிருந்து பிலிப்பைன்ஸ்காரன் ஆட்டு ஆட்டு என்று கையால் காட்டினான். நான் தலையைப் பின்னால் எடுக்கப் பார்த்தேன், கவசம் முன்னுக்குச் சரிந்தது. பெரியவனின் கையை விடுவித்துக் கொண்டுபோனார்கள். சின்னவன் அழவில்லை. சாத்திய கதவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து, எல்லாப் பிள்ளைகளும் வாயில் ஐஸ்கிரீமோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். சின்னவனுக்கும் ஒரு கோன் கிடைத்தது. அதைப் பிடித்தபடி நேரே என்னிடம் வந்து, என் முழங்காலுக்குக் கீழே எட்டி ஓர் உதை விட்டான். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. கையுறைக் கையால் காலைத் தடவிக்கொண்டேன்.

இதை நண்பனிடம் சொல்வதில்லை என்று ரயிலிலேயே முடிவெடுத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எனக்கு அவன் வீட்டில்தான் சாப்பாடு. என் போனில் ஏதோ அப்டேட் கேட்டு எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருந்தது. எதை அழுத்தினால் என்ன போய்விடுமோ என்று பயந்து, வழக்கம்போல அவனிடம் கொடுத்தேன். அவன் அதை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது பிலிப்பைன்ஸ்காரனிடமிருந்து ஒரு வீடியோ வந்து விழுந்தது.

“என்னடா இது?” என்று திறந்தான். கதிரை, வரிசை, கதவு. கீழே, ‘என் கூயா, பெஸ்ட் வீரன்’ என்று எழுதிச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள்.

“டேய், உது நீயே?”

“ஓம் மச்சான். லோன்றிப் பெடியன் கேட்டவன். அவன்ரை தாயின்ரை நேர்த்தி. சும்மா இருந்தனான், அவ்வளவுதான்.”

அவன் சிரித்தான். “சோக்கா ஆட்டுறாய். பழகின ஆள் மாதிரி.”

பிறகு சிரிக்கவில்லை. திரும்பவும் போட்டான். சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் போட்டான். அந்த இரண்டு சகோதரர் வருகிற இடத்தில் விரலால் நிறுத்தி, பெரிதாக்கி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். அவன் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, சோறு ஆறுது. அண்ணைக்குப் போடுங்கோ.”

“அண்ணைக்குப் பசிக்காது,” என்றான். “அண்ணை ஆளைக் காட்டிக் களைச்சுப்போனார்.”

அந்தக் கிழமையிலிருந்து எனக்குப் புதுப் பெயர், தலையாட்டி. முதலில் பகிடி மாதிரித்தான். மரக்கறிக் கடையில் யாராவது ஊரவரைக் கண்டால், “கவனம், இவனோடை கதைக்காதேங்கோ, தலையை ஆட்டிப்போடுவான்” என்பான். கோயிலில் பூசைக்கு நிற்கும்போது பின்னாலிருந்து, “ஐயர் கேக்கிறார், ஆர் களவாய்ப் படையல் புக்கை திண்டதாம், ஆட்டு” என்பான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். என் தலையோ, பாழ்பட்ட தலை, அதற்கும் ஆடும். ஆட ஆட இன்னும் சிரிப்பார்கள். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். கழுத்து வலி என்று நினைத்து கோயிலுக்கு வந்த ஓர் ஆன்ட்டி பிளாஸ்டர் தந்தார்.

எனக்கு வந்த கடிதம் ஒன்றை அவன் பிரிட்ஜுக்கு மேலே வைத்தான். வாசிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அது அங்கேயே இருந்தது. உறையில் அரசாங்கச் சின்னமோ, வேறு ஏதுமோ என்று எட்ட நின்று பார்த்தேன். எடுத்துக்கொண்டு போய் வேறு யாரிடமாவது கொடுக்கலாம். கொடுத்தால் அது வேறு அர்த்தமாகிவிடும்.

லோன்றியில் பிலிப்பைன்ஸ்காரன் சந்தோசமாக இருந்தான். “கூயா, அம்மா நேற்று வீடியோவில் எனக்கு முன்னாலே ஊசியில் நூல் கோத்தாள்! நீ நன்றாக ஆட்டினாய்.” விரிப்பின் மற்ற மூலையில் நின்று நானும் சிரித்தேன்.

பிறகொரு ஞாயிறு, சோற்றில் மொய்த்த இலையானை ஓட்டியபடி மேசையில் இருந்தபோது நண்பன் கேட்டான். பகிடி இல்லை.

“அண்டைக்கு நீ எங்கை நிண்டனி?”

எண்டைக்கு என்று நான் கேட்கவில்லை. “கிணத்தடியிலை. சின்னாக்களின்ரை லைனிலை.”

“ஆர் கண்டது?”

எனக்கு முன்னால் நின்றவன் பிறகு கடலில் செத்துப்போனான். பின்னால் நின்றவன் கனடாவில் எங்கேயோ. “இருக்கினம்… கேட்டுப் பாக்கலாம்…”

“நான் உன்னை அண்டைக்கு லைனிலை காணேல்லை. பின்னேரம்தான் கண்டனான். வேலிப் பொட்டுக்குள்ளாலை எங்கட வளவுக்குள்ளை பூந்து வந்து நிண்டனி. முகமெல்லாம் வேர்வை.”

“எல்லாருக்கும்தானே மச்சான் வேர்த்தது.”

“சாக்கு நிலத்திலை இழுபட்டது. உள்ளுக்கை இருந்தவன் சின்ன ஆள். கதிரையிலை ஏறேக்கை நான் அவன்ரை காலைப் பாத்தனான். பெடியன்ரை கால்.”

“விசர்க் கதை கதைக்காதேங்கோ,” என்றாள் அவன் மனைவி. “இவ்வளவு வருசமா ஒரே கோப்பையிலை திண்டுபோட்டு.”

“திண்டதுதான் பிழை. அப்பவே கேட்டிருக்கோணும்.” என்னைப் பார்த்தான். “உன்னைப் பாத்து ஏன் அவன் ஆட்டேல்லை? சொல்லு.”

அது நானே இரவும் பகலும் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் என் தலை ஆடத் தொடங்கியது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் எழுந்து குசினிக்குள் போனான். அரிசி வாளிக்குள் அரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது. இங்கே சணல் சாக்கு எங்கே கிடைக்கும்? பாஸ்மதி அரிசி வருகிற துணிப் பை. வாயில் இழுத்து மூடுகிற சிப்பும் இரண்டு கைபிடியும் இருக்கும். அதில் கத்திரிக்கோலால் இரண்டு ஓட்டை வெட்டிக்கொண்டு வந்தான்.

“போடு பாப்பம்.”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். மதுரைப் பக்கத்து ஆள், ஐடி வேலை, புல் வெட்டுகிற மெஷின் கேட்டு வந்திருந்தார். “என்னங்க, ஹாலோவீனா? இன்னும் எவ்ளோ மாசம் இருக்கு!” என்று சிரித்தார். நண்பன் என்னிடம் நீட்டிய பையை இறக்கவில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

போட மாட்டேன் என்றால் நான்தான் அவன் என்றாகிவிடும். போட்டேன். உள்ளே அரிசி வாசம். மிச்சம் இருந்த அரிசி மூக்கிலும் கழுத்திலும் உதிர்ந்தது. கைபிடி ஒன்று மாலை மாதிரி நெஞ்சிலும் மற்றது முதுகிலும் தொங்கியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பாதிச் சிரிப்பில் இருமினார். கதிரையை நண்பன் சுவரோடு தள்ளி வைத்து என்னை இருத்தினான். பிறகு வெளியே போனான்.

ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் பிடரியில் கோத்தபடி கதவால் உள்ளே வந்தான். நரைத்த தாடி, கட்டைக் காற்சட்டை, ரப்பர்ச் செருப்பு. மெதுவாக நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றான். தனக்கு முன்னால் ஒருவனுக்கு இடம் விட்டு நின்றான். அந்த இடத்தைத்தான் பார்த்தான், என்னை அல்ல.

“ஆட்டு,” என்றான்.

நான் ஆட்டவில்லை.

“ஆட்டடா.”

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. எந்த நேரமும் எவருக்கும் ஆடுகிற தலை. இப்போது அதை நான் பல்லைக் கடித்துப் பிடித்தேன். கழுத்து நரம்பு துடித்தது.

அவன் ஓரடி முன்னால் வந்து அந்த இடத்தில் தானே நின்றான். குரல் மாறிப்போயிருந்தது. “சரி, என்ரை அண்ணையை விடு. என்னைப் பாத்து ஆட்டு.”

அவன் மனைவி, “ஐயோ, காணும்!” என்றாள்.

நான் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவன் கைகளை இறக்கி, பையை ஒரே இழுவையில் கழற்றினான். சிப் என் காதைக் கீறியது.

“நீயில்லையடா,” என்றான். “அவன் சட்டெண்டு ஆட்டினவன். உனக்கு எந்தக் கறியை முதல் போடுறது எண்டே முடிவெடுக்கத் தெரியாது. உன்னை நம்பி ஆமிக்காரன் சாக்குக் குடுப்பானே?”

பக்கத்து வீட்டுக்காரர், தனக்கு என்ன விளங்கியதோ, சத்தமாகச் சிரித்தார். மெஷின் பின் கொட்டிலில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கோ என்று சொல்லி அவரை அனுப்பினாள் மனைவி. எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமில்லாத சிரிப்பு. காதில் இரத்தம் கசிந்தது, தலைமயிருக்குள் அரிசி. ஆனால் மனம் பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு மனிதனை இவ்வளவு கேவலமாகச் சொல்லி விடுவித்ததற்கு நன்றி சொல்லக்கூட நான் தயாராக இருந்தேன்.

அவனே எனக்குச் சோறு போட்டான். மீன் நடுத்துண்டைப் பார்த்து எடுத்து வைத்தான். கை கழுவிவிட்டு வந்து, பிரிட்ஜுக்கு மேலேயிருந்து என் கடிதத்தை எடுத்தான். “கொண்டா, இதையும் பாப்பம். எத்தினை நாளாய்க் கிடக்குது.” அவன் பழையபடி என் நண்பன் மாதிரி இருந்தான்.

உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே சொன்னான். “நார்த்மீட்டிலை இருக்கிறானே, எங்கட பள்ளிக்கூடத்துக்கு முன்வீட்டுக்காரன். கட்டையன், சின்ன ஆள்.”

“ஓம்,” என்றேன். சில வேளை கோயிலில் காண்கிற ஆள். கண்டால் சுகம் கேட்பார். ஒருமுறை மழைக்கு என்னைக் காரில் ஏற்றிவந்து விட்டிருக்கிறார்.

“அவனையும் ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிடோணும்.” கடிதத்தை விரித்தான், ஆனால் வாசிக்கவில்லை. கண்ணை என்மேல் வைத்திருந்தான். “அண்டைக்கு அவனை லைனிலை ஒருத்தரும் காணேல்லை, என்ன?”

எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் யாரையும் பார்க்கவில்லை. கிணற்றடி ஈர மண்ணில் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயில் சோறு. முள் இருக்குமோ என்று நாக்கால் தேடிக்கொண்டிருந்தேன். அவன் கடிதத்தைப் பிடித்தபடி காத்திருந்தான்.

என் தலை ஆடியது.

“அதுதானே,” என்றான். அவன் மனைவி கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேசையில் கிடந்த அரிசிப் பையை உதறி, ஓட்டை இரண்டும் உள்ளே போக மடித்து, கரண்டிகள் வைக்கிற லாச்சிக்குள் வைத்து மூடினான். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்குக் கடிதத்தை வாசித்துச் சொன்னான். பல் டொக்டரிடமிருந்து வந்த கடிதம்தான் அது. பயப்பட ஒன்றும் இருக்கவில்லை.